குவைத்: இடிக்கப்பட்ட மதிலுக்குள்ளே

குவைத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், அங்கே வேலை செய்யும் நம்மவர்களே சிரிப்பார்கள். துபாயின் உயரக் கட்டடங்கள் அங்கே கிடையாது, ஓமானின் மலைகளும் கிடையாது. 17,818 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குகூட வராத பரப்பு. அதிலும் பெரும்பகுதி சரளையும் மணலும் கலந்த தட்டை நிலம். வடக்கிலும் மேற்கிலும் ஈராக், தெற்கில் சவூதி அரேபியா, கிழக்கில் கடல். ஆறு ஒன்றுகூட ஓடவில்லை. சுற்றுலாக் கையேடுகள் மூன்று கோபுரங்களையும் ஒரு கடைத்தெருவையும் காட்டிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகின்றன.

எண்ணெய் வந்ததால் பாலைவனத்தில் திடீரென்று முளைத்த ஊர் என்ற கதையோடு போகிறவருக்குக் குவைத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய்க்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது கடலை நம்பிப் பிழைத்த வணிக நகரம். அந்த நகரத்தைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. மதிலை இடித்துவிட்டார்கள். அது எங்கே ஓடியது, யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே விட்டது என்று கேட்டுக்கொண்டே நடப்பவருக்கு இந்தச் சின்ன நாடு ஓரளவு பிடிபடும்.

நகரின் மேற்கு விளிம்பில் பெரிய ஹோட்டல் ஒன்றின் எதிரே போக்குவரத்து வட்டம் ஒன்று உண்டு. நடுவில் புல்தரை. அதன்மேல் மண்ணிறத்தில் ஒரு வாசல், இருபுறமும் சுவரே இல்லாமல் நிற்கிறது. அதுதான் ஜஹ்ரா வாயில். இதுபோல் இன்னும் சில வாயில்கள் நகரைச் சுற்றி ஆங்காங்கே நிற்கின்றன. 1920 கோடையில், நடு அரேபியாவின் நஜ்த் பகுதியிலிருந்து வந்த இக்வான் என்ற மதப் போராளிப் படைகளுக்கு அஞ்சி ஊர்மக்கள் கூடிச் சில மாதங்களில் கட்டி முடித்த மண்மதிலின் மிச்சங்கள் இவை. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கே ஜஹ்ராவிலுள்ள செங்கோட்டையில் சண்டை நடந்தது. அந்தக் கோட்டையை இன்றும் பார்க்கலாம். மதிலோ 1957இல் இடிபட்டது. அது ஓடிய தடத்தையொட்டி இன்று முதலாம் வட்டச்சாலை ஓடுகிறது. சாலையோரத்துப் பசுமைப் பட்டையில்தான் அல்-ஷஹீத் பூங்கா இருக்கிறது. மாலையில் அங்கே ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பழைய ஊரின் எல்லையில் ஓடுகிறார்கள்.

அந்த எல்லைக்குள் இருந்த ஊரை இன்று கற்பனையில்தான் பார்க்க முடியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நஜ்தின் வறட்சியிலிருந்து கிளம்பிய உத்தூப் குலத்தார் இந்த இயற்கைத் துறைமுகத்தில் குடியேறினார்கள். நூற்றாண்டின் நடுவில் ஆட்சிப் பொறுப்பு ஸபாஹ் குடும்பத்திடம் வந்தது. இன்றும் அவர்களிடமே இருக்கிறது. ஆட்சி அவர்களிடம், பணம் வணிகர்களிடம் என்றொரு எழுதாத ஒப்பந்தம். பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு குவைத்தின் மரக்கலங்கள் கராச்சி, பம்பாய், கோழிக்கோடு என்று இறங்கிவரும். திரும்பும்போது மலபார் தேக்கும் கயிறும் அரிசியும் மிளகும் ஏற்றிக்கொள்ளும். வேறு சில கலங்கள் ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சான்சிபார் வரை போய்ச் சதுப்புநிலக் கம்புகளோடு திரும்பும். அந்தக் கலங்களைக் கட்டிய மரமே மலபாரிலிருந்து வந்ததுதான். குவைத்தில் கப்பல் கட்ட ஆட்கள் இருந்தார்கள், மரம் இல்லை. 1938இல் கட்டிய ஃபத்ஹ் அல்-கைர் என்ற மரக்கலம் சால்மியா கடற்கரையிலுள்ள அறிவியல் மையத்தின் வாசலில் நிற்கிறது. கோபுரங்களுக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆஸ்திரேலியக் கடலோடி ஆலன் வில்லியர்ஸ் 1938-39இல் ஒரு குவைத் கலத்தில் ஏறி, ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பிய பயணத்தைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அந்த உலகம் முடிவதற்குச் சற்று முன்னால் எடுத்த படம் அது.

குடிதண்ணீரைக்கூடக் கலங்கள்தான் கொண்டுவந்தன. ஈராக்கின் ஷத்துல் அரப் ஆற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து கரையில் விற்பார்கள். அங்கிருந்து கழுதைகள் வீட்டுக்கு வீடு சுமந்து போகும். கையில் புழங்கிய காசு இந்திய ரூபாய். தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை அச்சிட்டது. 1961இல் குவைத் தினார் பிறந்தபோது ஒரு தினாருக்கு 13 ரூபாயும் சில்லறையும் என்று கணக்கிட்டு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். இன்று உலகிலேயே மதிப்பு மிகுந்த நாணயம் தினார்தான். ஒன்று மூன்று டாலருக்கு மேல். ஒரு தினாருக்கு நூறு அல்ல, ஆயிரம் ஃபில்ஸ் என்பதைப் புதிதாகப் போகிறவர் டாக்சியில் ஏறும் முன்பே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முத்துக்குளித்தலைக் குவைத் இன்று பண்டிகையாகக் கொண்டாடுகிறது. அருங்காட்சியகங்களில் மூக்குக்கவ்வியும் கல்லெடையும் கூடையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளில் அதிகம் காணக் கிடைக்காத ஒன்று கடன் ஏடு. கோடை மாதங்கள் முழுக்கக் கடலில் கிடக்கவேண்டிய குளிப்பாளிக்கு, கரையில் குடும்பம் சாப்பிடக் கலத்தின் தலைவரான நகுதா முன்பணம் கொடுப்பார். பருவம் முடிந்து முத்து விற்ற பணத்தில் சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். ஆழத்தில் இறங்குபவனுக்குப் பங்கு அதிகம், மேலிருந்து கயிறு இழுப்பவனுக்குக் குறைவு. பங்கு முன்பணத்தை ஈடுகட்டாவிட்டால் பாக்கி அடுத்த பருவத்துக்குப் போகும். தகப்பன் செத்தால் மகன் தலையில் விழும். பாக்கி இருக்கும்வரை வேறு நகுதாவின் கலத்தில் ஏறவும் முடியாது. அந்த நகுதாவும் ஒரு பெரிய வணிகரிடம் கடன்பட்டவராகவே இருப்பார். ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் 1930ஐ ஒட்டி இந்தத் தொழிலை முறித்தபோது ஊரே கடனில் நின்றது.

1938 இந்த நாட்டின் திருப்புமுனை ஆண்டு. பிப்ரவரியில் புர்கானில் எண்ணெய் பீறிட்டது. அந்த வயல் உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் இரண்டாவது என்பது பிறகு தெரிந்தது. அதே ஆண்டின் நடுவில் வணிகர்கள் கூடி ஒரு சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வரவு செலவைத் தங்களிடம் காட்டச் சொல்லி ஆட்சியாளரை நெருக்கினார்கள். டிசம்பரில் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. அதுவரை சுங்கத்துக்கும் வரிக்கும் வணிகர்களை நம்பியிருந்த ஆட்சிக்கு இனி அந்தத் தேவை இருக்காது என்பதை இரு தரப்பும் உணர்ந்த ஆண்டாக இதைப் பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போர் காரணமாகக் கிணறுகளை மூடி வைத்திருந்து, 1946 ஜூனில்தான் முதல் எண்ணெய்க் கப்பல் கிளம்பியது.

பணம் வந்த பிறகு நடந்ததில் எனக்கு மிக வியப்பாக இருப்பது நிலம் வாங்கிய கதை. 1951இல் ஓர் ஆங்கிலேய நிறுவனம் நகருக்குப் பெருந்திட்டம் வரைந்து கொடுத்தது. மதிலுக்கு வெளியே வட்டச்சாலைகள், அவற்றுக்கிடையே புதுக் குடியிருப்புகள்; மதிலுக்குள் அலுவலகங்களும் கடைகளும் மட்டும். உள்ளே இருந்த வீடுகளை அரசு சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கியது. வெளியே மனைகளை மலிவாகக் கொடுத்தது. எண்ணெய்ப் பணம் குடிமக்களின் கைக்குப் போன முதல் பெருவழி இதுதான். மண்வீடும் முற்றமும் சந்தும் கொண்ட ஊர் ஒரே தலைமுறையில் தரைமட்டமானது. குவைத் நகரில் பழைய நகரம் எங்கே என்று தேடுகிறவருக்குக் கார் நிறுத்துமிடங்களே கிடைப்பதற்குக் காரணம் போர் அல்ல, இந்த விற்பனை.

தப்பியதில் முக்கியமானது முபாரகிய்யா சந்தை. இன்றைக்கு நிறையப் புதுப்பித்த கட்டடம்தான், ஆனாலும் சந்தையின் உயிர் போகவில்லை. பேரீச்சை, குங்குமப்பூ, ஊது, பிஷ்த் மேலங்கி தைப்பவர்கள், மீன் கடைகள். இஸ்திகானா என்ற சிறு கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர் கிடைக்கும். சாப்பாட்டில் மச்பூஸ் தவறவிடக்கூடாதது: இறைச்சியோ மீனோ வெந்த சாற்றிலேயே பாசுமதி அரிசியை வேகவைத்து, காய்ந்த எலுமிச்சையின் புளிப்போடு இறக்குவார்கள், தொட்டுக்கொள்ளத் தக்காளியும் பூண்டும் சேர்ந்த தக்கூஸ். மீனில் அவர்களுக்கு உயர்ந்தது ஸுபைதி, நம்மூர் வெள்ளை வாவல். அந்த மீனுக்காகக் குவைத்திகள் கொடுக்கும் விலையைக் கேட்டால் நம் மீனவர்கள் படகை அங்கே திருப்பிவிடுவார்கள்.

வணிகப் புத்தி போய்விடவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள். 1953இல், சுதந்திரத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, மிகுதிப் பணத்தை முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் அமைத்தார்கள். உலகின் முதல் அரசு முதலீட்டு நிதி என்று அதைச் சொல்வது வழக்கம். 1976இல் வருங்காலத் தலைமுறை நிதி என்று தனியாக ஒன்று தொடங்கி, ஆண்டு வருவாயில் 10 சதவீதத்தைப் பல பத்தாண்டுகள் அதில் போட்டார்கள். இது நல்ல சாட்சி. மற்றது ஸூக் அல்-மனாக். முன்பு ஒட்டகம் விற்ற இடத்தில் எழுந்த குளிரூட்டிய கட்டடத்தில், அதிகாரபூர்வச் சந்தைக்கு வெளியே பங்குகள் கைமாறின. பின்தேதியிட்ட காசோலைதான் நாணயம். ஆள் தெரிந்தவர், குடும்பம் தெரிந்தது, கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் பிணை. 1982 ஆகஸ்டில் அந்த நம்பிக்கை சரிந்தபோது நிலுவையில் இருந்த காசோலைகளின் மதிப்பு 9,400 கோடி டாலர். முத்துக் காலத்து முன்பணப் பழக்கம் எண்ணெய்ப் பணத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கோடை காட்டியது.

தண்ணீருக்கு வருவோம். 1953இல் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பெரிய ஆலை வந்தது. எழுபதுகளில் சுவீடன் பொறியாளர்கள் நீலக் கோடிட்ட காளான் வடிவத் தண்ணீர்த் தொட்டிகளை நாடெங்கும் நட்டார்கள். கடைசியாகக் கடற்கரையில் எழுந்தவைதான், 1979இல் மக்களுக்குத் திறந்த குவைத் கோபுரங்கள். பெரியது 187 மீட்டர். அதன் பெரிய உருண்டையின் கீழ்ப்பாதியில் தண்ணீர், மேல்பாதியில் உணவகம். அடுத்த கோபுரத்தின் உருண்டை முழுக்கத் தண்ணீர். தண்ணீர்த்தொட்டியை நாட்டின் சின்னமாக வைத்துக்கொண்ட வேறு தேசம் எனக்குத் தெரியவில்லை. கழுதை முதுகில் தண்ணீர் வந்த காலத்தைக் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது என்பதை நினைத்தால் அதில் வேடிக்கை இல்லை. இன்றைக்கும் குடிநீர் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தே வருகிறது. வெயில் கூடக்கூட இந்தக் கணக்கு இறுகுகிறது: 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற பாலை நிலையத்தில் 53.9 டிகிரி பதிவானது. 2024 கோடையில் எண்ணெய் நாடான குவைத்திலேயே சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. பயணிக்கு இதன் பொருள் எளிது. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். அந்த மாதங்களில் குவைத்திகளே நகரை விட்டுப் பாலையில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்குவதையே சட்டம் தடுக்கிறது.

மது முற்றாகத் தடை, பன்றி இறைச்சியும் அப்படியே. இதில் விமான நிலையத்தில் சிரித்துப் பேசித் தப்பிக்க முடியாது. ரமலான் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதுகூடக் குற்றம். பெண்கள் தலையை மூடவேண்டிய கட்டாயம் இல்லை. வார விடுமுறை வெள்ளியும் சனியும். எண்ணெய் நிலையம், அரசுக் கட்டடம், அடுத்த வீட்டுப் பெண்கள் எதையும் படம் எடுக்காதிருப்பது புத்திசாலித்தனம்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை நுழைந்தது. ஏழு மாத ஆக்கிரமிப்பு. பின்வாங்கும்போது 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தார்கள். கடைசித் தீயை அணைக்க 1991 நவம்பர் ஆனது. குரைன் என்ற புறநகரில் ஒரு சாதாரண வீடு குண்டு துளைத்த கோலத்திலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. விடுதலைக்கு இரண்டு நாள் முன்பு அங்கே நடந்த மோதலில் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு எதிர்ப்புப் போராளிகள் இறந்தார்கள். ஜாப்ரியாவிலுள்ள தாரிக் ரஜப் அருங்காட்சியகம் வேறுவிதமாகப் பிழைத்தது. உரிமையாளர்கள் அடித்தள வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தேசிய அருங்காட்சியகத்தைச் சூறையாடியவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. பழைய குர்ஆன் பிரதிகளும் அரபு நகைகளும் அதனால் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. கடலுக்கு அப்பால் ஃபைலகா தீவில் வெண்கலக் காலத் தில்முன் குடியிருப்பும், அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்கர்கள் இக்காரோஸ் என்றழைத்த கோட்டையும் கோவிலும் உண்டு. 1958 முதல் டென்மார்க் ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். அந்த நான்காயிரம் ஆண்டுத் தொல்பொருளுக்குப் பக்கத்திலேயே 1990இல் வெளியேற்றப்பட்டவர்களின் வீடுகள் தோட்டாத் துளைகளோடு காலியாக நிற்கின்றன.

அந்த ஆக்கிரமிப்பில் நம் கதையும் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பாலைவழியாக ஜோர்டானின் அம்மான் வரை போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். பாலஸ்தீனர்கள் கதை இன்னும் கசப்பானது. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் நடத்தியவர்கள் அவர்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். அவர்களுடைய தலைமை ஈராக் அதிபர் சதாம் உசேனை ஆதரித்ததற்காக விடுதலைக்குப் பின் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த நாற்காலிகளில் பலவற்றில் பிறகு அமர்ந்தவர்கள் தெற்காசியரும் எகிப்தியரும்.

மதிலுக்குத் திரும்புகிறேன். 1957இல் அதை இடித்தார்கள். 1959இல் குடியுரிமைச் சட்டம் இயற்றினார்கள். 1920க்கு முன்பிருந்தே குவைத்தில் தொடர்ந்து குடியிருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிறப்புரிமைக் குடிமக்கள் என்றது சட்டம். 1920 என்பது மதில் கட்டிய ஆண்டு. மண்ணில் கரைந்த எல்லைக்கோட்டைச் சட்டத்தில் மறுபடி இழுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சுட்டுவது மிகையில்லை. அப்போது பாலையில் இருந்த, பதிவு செய்யத் தவறிய, எழுத்தறியாத பலர் விடுபட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிதூன், அதாவது குடியுரிமை 'இல்லாதவர்கள்'. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள்.

நாட்டிலுள்ள சுமார் 50 லட்சம் பேரில் குடிமக்கள் ஏறத்தாழ 15 லட்சம். இந்தியர் மட்டுமே 10 லட்சத்தை ஒட்டி வருவார்கள். வேலை செய்யும் குடிமக்களில் பெரும்பாலோர் அரசுப் பணியில். மற்ற வேலையெல்லாம் வெளியாட்கள் கையில். நிறுவன வேலைக்கு 18ஆம் நம்பர் விசா, வீட்டு வேலைக்கு 20. நம் கிராமங்களில் அரபி எழுத்தே தெரியாதவர்களுக்கும் இந்த இரண்டு எண்களின் வேறுபாடு தெரியும். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம், அதற்கு வாங்கிய வட்டிக்கடன், முதல் ஓரிரு ஆண்டுச் சம்பளம் அதற்கே போவது, அகாமா என்ற குடியிருப்பு அனுமதி கபீல் என்ற பொறுப்பாளரின் கையில் இருப்பதால் நினைத்தபோது வேறிடம் மாற முடியாமை: முத்துக்குளிப்பாளியின் கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் உண்டு; குளிப்பாளி அந்த ஊர்க்காரன், அவன் பேரன் இன்று குடிமகன். 2015இல் வீட்டு வேலையாட்களுக்குத் தனிச் சட்டம் வந்ததும், மறு ஆண்டு மாதம் 60 தினார் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயமானதும் முன்னேற்றம்தான். ஆனால் 2024 ஜூன் 12 அதிகாலை மங்காஃபில் தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பிடித்து இறந்த சுமார் ஐம்பது பேரில் 45 பேர் இந்தியர், அவர்களில் ஏழு பேர் தமிழர். சால்மியாவின் கடற்கரை நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஃபர்வானியாவுக்கும் அப்பாஸியாவுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். பக்காலா என்ற மளிகைக்கடையில் குபூஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்பவர்களிடம் நாட்டைப் பற்றிக் கேட்டால் கையேடுகள் சொல்லாதது கிடைக்கும்.

குவைத்திகளுக்கே இது உறுத்தாமல் இல்லை. குவைத் தகப்பனுக்கும் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணுக்கும் பிறந்து இரு நாட்டிலும் இடம் கிடைக்காத ஒருவனைப் பற்றிய சவூத் அல்-ஸன்ஊஸியின் நாவலுக்கு 2013இல் அரபுப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட பேச்சுக்கு இடம் தந்ததில் திவானிய்யாவுக்குப் பெரும் பங்கு. வீட்டோடு சேர்ந்த ஆண்கள் கூடம் அது. மாலையில் யாரும் வரலாம், அமீரின் அமைச்சரையும் அங்கே வைத்துத் திட்டலாம். தேர்தல் பிரச்சாரம் நடந்ததும் அங்கேதான். 1989 கடைசியில் நாடாளுமன்றத்தை மீட்கச் சொல்லி எழுந்த இயக்கம் திங்கள்கிழமை திவானிய்யாக்களில்தான் வளர்ந்தது. அழைப்பு வந்தால் எந்த அருங்காட்சியகத்தையும் விட்டுவிட்டுப் போகலாம்.

வளைகுடாவில் அதிகாரமுள்ள நாடாளுமன்றம் என்ற பெயரைக் குவைத் நெடுங்காலம் வைத்திருந்தது. 1962இல் அரசியல் சட்டம், 1963இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல், 2005இல் பெண்களுக்கு வாக்கு, 2009இல் நான்கு பெண் உறுப்பினர்கள். கடலை நோக்கிக் கூடாரத் துணிபோல் தொங்கும் கான்கிரீட் கூரையோடு மன்றக் கட்டடத்தை வரைந்தவர் சிட்னி ஓப்பரா மாளிகையின் சிற்பி யோன் உட்சோன். அமீர் மிஷ்அல் 2024 மே மாதம் மன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார்.

அதன்பின் குடியுரிமைக் கோப்புகளைத் தோண்டத் தொடங்கினார்கள். குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பட்டியல்கள் 'குவைத் அல்-யௌம்' என்ற அரசிதழில் தொகுதி தொகுதியாக வந்தன. எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தாண்டியது. அவர்களில் ஏராளமானவர்கள், குவைத்தியரை மணந்து, அந்தக் குடியுரிமைக்காகத் தம் பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறந்து, பல ஆண்டுகளாக அங்கே குடும்பம் நடத்திவந்த பெண்கள்.